ஊறுகாய் ஜாடியும் தனலட்சுமி கண்ணும்

இந்தத் தொடரைப் போன வாரம் என் கல்யாணப் பந்தியில் நிறுத்தியிருந்தேன். இலை போட்டு உட்கார்ந்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும். சாம்பார் வர எப்படியும் நேரமாகும், அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. நடுவில் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “உங்கள் மதத்தைப் பற்றிக் கதைகளில் கன்னாபின்னாவென்று எழுதுகிறார்களே, கோபம் வராதா?”

வரும். நன்றாகவே வரும். ஒரு தடவை அந்தக் கோபத்தை மேடை வரைக்கும் கொண்டுபோனேன். அது எங்கே போய் முடிந்ததோ அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, தூக்கில் டீ எடுத்துக்கொண்டு எங்கள் பீங்கான் கம்பெனிக்குப் போனேன். கம்பெனி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். விருத்தாசலத்தில் ஒரு தகரக் கொட்டகையும் ஒரு சூளையும் இருந்தால் அது கம்பெனி, அதை நடத்துகிறவர் முதலாளி. எங்கள் வீட்டு முதலாளியான என் கணவர் அருள்ராஜ், வாசலில் அச்சுகளை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பலகை மேல் பொம்மைகள் வரிசையாக நின்றன. மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள், ஞானிகள், ஆடுகள். எல்லாம் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போக வேண்டியவை. உடுப்புக்கு வண்ணம் அடித்தாகிவிட்டது, ஒன்றுக்கும் கண் மட்டும் கிடையாது.

கண் எழுத வேண்டிய தனலட்சுமி, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து முகத்தைக் கூரைக்குத் தூக்கி வைத்திருந்தாள். இரண்டு கண்ணிலும் எங்கள் வெள்ளைக் களிமண்ணை அடை மாதிரி அப்பியிருந்தாள்.

“தனம், என்னா இது?” என்றேன்.

“பேச்சு குடுக்காதீங்க டீச்சர். காயணும்.”

மறுநாள் காலையில் கண் முகாம் வேன் வருகிறது. புரை எடுக்க அவள் பேரைக் கொடுத்தவளே நான்தான்.

கதையில் வரும் கிறிஸ்தவர்கள்

இதற்கெல்லாம் காரணம் ஒரு நாவல். அதற்கு முன்னால், பொதுவாக நாவல்கள்மீது எனக்கிருக்கும் புகாரைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்த காலம் முழுவதும் தொடர்கதை படித்தவள். அந்தக் கதைகளில் வரும் கிறிஸ்தவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பியானோ இருக்கும். மேசையில் வருஷம் முழுக்கக் கேக் இருக்கும். அப்பா பேர் பீட்டர், சாயங்காலமானால் பிராந்தி குடிப்பார். மகள் பேர் டெய்சி, முழங்காலுக்கு மேலே கவுன் போடுவாள், கடைசி அத்தியாயத்தில் செத்துப்போவாள்.

எங்கள் வீட்டில் இருந்தது பாதிக் கட்டை பேசாத ஒரு ஆர்மோனியப் பெட்டி. கேக் கிறிஸ்துமஸுக்கு மட்டும், அதுவும் பேக்கரிக்காரர் தயவு. மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும்தான்.

கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டம்மா ஒருத்தர், “ஒங்க வூட்டுல எல்லாரும் ராத்திரி ஒயின் சாப்புட்டுதான் படுப்பீங்களாமே?” என்று அக்கறையோடு கேட்டார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். படிக்கவில்லையாம், கதையில் வந்ததாம். இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் நான் சிரித்துவிட்டு விட்டிருக்கிறேன். எங்கள் பியானோவைப் பற்றி என்ன எழுதினாலும் போகட்டும். இயேசுவைப் பற்றி எழுதும்போதுதான் பிடரி சூடாகிறது.

எங்கள் ஊருக்கு வந்தாராம்

அந்த நாவலின் பேரைச் சொல்லி விற்பனையைக் கூட்ட எனக்கு விருப்பமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

இயேசு வாலிப வயதில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தாராம். வந்தவர் கடற்கரையில் நிற்காமல் நேராக மணிமுத்தாற்றங்கரைக்கு, அதாவது எங்கள் ஊருக்கு வந்து, ஒரு குயவரிடம் சக்கரம் சுற்றக் கற்றுக்கொண்டாராம். அவர் கை கழுவிய இடத்து மண்ணுக்குச் சக்தி உண்டாம். கதாநாயகிக்குக் கண்ணில் அடிபட்டுப் பார்வை போய்விடுகிறது. கதாநாயகன் அந்த மண்ணைப் பூசுகிறான். அவள் விழித்ததும் முதலில் தெரிவது அவன் முகம். அங்கே அத்தியாயம் முடிகிறது.

முடிவில் இன்னும் ஒன்று. சிலுவையில் செத்தது வேறு ஆளாம். இவர் தப்பித்துத் திரும்ப எங்கள் ஊருக்கே வந்து, பானை செய்து நிம்மதியாக வாழ்ந்தாராம்.

இந்த நாவல் எங்கள் கம்பெனிக்குள் புத்தகமாக வரவில்லை. தனலட்சுமியின் மகள் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று செல்போனில் யாரோ வாசித்த ஒலிக்கதையைப் போட்டுக் கொடுத்திருந்தாள். கண் எழுதுகிற கைக்கு வேலை, காதுக்கு வேலையில்லை அல்லவா. ஒரு வாரம் கொட்டகை முழுக்க அந்தக் குரல்தான். சூளைக்குச் சாமான் அடுக்குகிறவர்கள்கூட, “சத்தமா வையிக்கா” என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஊருக்குள் பரப்பியவர் கலியபெருமாள். மெடிக்கல் கடை வைத்திருப்பவர், வாசகர் வட்டத்துக்குச் செயலாளர். இருமல் மருந்து வாங்கப் போனால் மருந்தோடு ஒரு புத்தகச் சிபாரிசும் வரும்.

“டீச்சர், ஒங்க சாமி நம்ம ஊருக்கு வந்திருக்காரு, தெரியுமா?” என்றார் ஒரு நாள். மாத்திரையை எண்ணக்கூட மறந்துவிட்டார்.

“வரலிங்க. அது கதை.”

“பின்னாடி ஆதாரம் போட்டிருக்காங்க, போட்டோவோட. சந்தோஷப்படாம சண்டைக்கு வரீங்களே.”

இதில்தான் என் சங்கடம். யாராவது திட்டினால் பதில் சொல்லலாம். இவர்களோ பாசத்தால் சொல்கிறார்கள். காசிக்கு வீசம் கூட, அதாவது காசியைவிடப் புண்ணியம் ஒரு பங்கு அதிகம், என்று ஏற்கெனவே பேர் வாங்கிய ஊர் இது. இன்னொரு சாமியும் வந்து தங்கினார் என்றால் இடமா இல்லை, வாங்க வாங்க என்கிறார்கள். ஊரே கூடி விருந்து வைக்கும்போது, விருந்தாளி வரவேயில்லை என்று சொல்ல வேண்டியவள் நான்.

விரால்

நாவலை வாங்கி வந்து கடைசிப் பக்கத்தில் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். வட்டமான ஒரு பீங்கான் ஓடு, நடுவில் ஒரு மீன். கீழே இப்படி இருந்தது: மணிமுத்தாற்றங்கரையில் கிடைத்த தொன்மையான ஓடு, மீன் என்பது முதல் கிறிஸ்தவர்களின் ரகசிய அடையாளம், இது கற்பனையல்ல.

எனக்கு அந்த மீனை எங்கோ பார்த்த ஞாபகம். அடுப்படியில் போய் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அதே மீன். வால் பக்கம் செதில் ஒன்று விட்டுப்போயிருந்தது, அதுவும் அதே இடத்தில்.

என் மாமனார்தான் இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர். அப்போது பொம்மை கிடையாது, ஊறுகாய் ஜாடிதான். ஜாடிக்கு அடியில் சிலுவை முத்திரை போடத்தான் அவருக்கு ஆசை. “சிலுவைய போட்டா கல்யாண சீருக்கு யாரும் வாங்க மாட்டாங்க” என்று ஜாடி வியாபாரி சொல்லிவிட்டார். சிங்கம் போடலாமென்றால் வேறொரு கம்பெனிக்காரர் ஏற்கெனவே சிங்கம். கடைசியில் தனக்கு உயிரான ஒன்றைப் போட்டார். வெள்ளாற்று விரால். விரால் குழம்பு வைத்த அன்று அவர் ஜெபம் சுருக்கமாக இருக்கும்.

முதல் கிறிஸ்தவர்களுக்கு மீன் ஓர் அடையாளம் என்பதே அந்த மனுஷனுக்குத் தெரியாது. உடைந்த ஜாடிகளை அந்தக் காலத்தில் ஆற்றங்கரைப் பள்ளத்தில் கொட்டுவார்கள். அதில் ஒன்று இப்போது தொன்மையாகிவிட்டது.

எங்கள் சபைப் போதகரிடம் சொன்னேன். சின்ன வயசுக்காரர், கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் டூவீலரில் போய் ஆராதனை நடத்துகிறவர். “ஜெபம் பண்ணிக்குங்கம்மா, சண்ட வேணாம்” என்றார்.

“சண்ட இல்லிங்க ஐயா. ஒரு ஜாடிய எடுத்துட்டுப் போயிட்டு வரேன், அவ்ளோதான்” என்றேன்.

நூலகத்தில் நான்

வாசகர் வட்டக் கூட்டம் நூலகத்து மேல்மாடியில். நாவலாசிரியர் வந்திருந்தார். ஒல்லியாக, அடக்கமாக, என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி கொடுத்தார். நல்ல மனிதராக இருந்தது எனக்குப் பெரிய இடைஞ்சல்.

கலியபெருமாள், “காசிக்கு வீசம் கூட நம்ம ஊரு, இப்ப எருசலேமுக்கும் வீசம் கூட” என்று ஆரம்பித்துக் கைதட்டல் வாங்கினார். பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகிய வாய். தைரியமாகவே பேசினேன். இயேசுவின் வாலிப வருஷங்களைப் பற்றி வேதம் அதிகம் சொல்லவில்லை, உண்மைதான். தச்சு வேலை செய்தார் என்று தெரிகிறது. ஆணி அடித்து, இழைப்புளி தள்ளிக் காய்த்துப்போன கை. அவர் உழைப்பாளி என்று காட்ட எங்கள் ஊர்ச் சக்கரம் தேவையில்லை. எழுதாமல் விட்ட இடத்தைக் காலி வீடு என்று நினைத்து ஆளாளுக்குப் பூட்டை உடைத்துக் குடிவந்தால் எப்படி என்று கேட்டேன்.

“இன்னொன்னு. சிலுவையில வேற ஒருத்தன் செத்தான், இவரு இங்க வந்து நிம்மதியா பானை செஞ்சாருன்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தன சாகக் குடுத்துட்டு ஓடியாந்த ஆளா இருந்தா, அவர நான் கும்புட மாட்டேன். எங்க நம்பிக்கையே அவரு மத்தவங்களுக்காக செத்தாருங்கறதுதான். நீங்க அத அப்படியே தலகீழாத் திருப்பி வச்சிட்டீங்க.”

எனக்கு இருபது வயதில் எங்கள் அம்மாவைப் புதைத்த நாளில் நான் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒன்றைத்தான். கதைக்காரருக்கு அது கடைசி அத்தியாயத் திருப்பம். எனக்கு அப்படியில்லை.

கடைசி வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு போதகர் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நாவலாசிரியர் மெல்லச் சிரித்தார். “டீச்சர், இது நாவல்தானேங்க. கற்பனை.”

“அப்புறம் ஏன் பின்னாடி கற்பனையல்லன்னு போட்டிருக்கீங்க? விக்கறப்ப நெஜம், கேள்வி கேட்டா கதையா?”

“அந்த ஓடு மட்டும் நெஜங்க. அத நான் என் கையால எடுத்தேன்.”

இதற்குத்தான் காத்திருந்தேன். பையிலிருந்து ஜாடியை எடுத்து, இது எங்கள் வீட்டு முத்திரை என்று சொல்லி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். கழுவித்தான் கொண்டுபோனேன், ஆனாலும் பழைய ஜாடி, எலுமிச்சை வாசம் முன்வரிசை வரை போனது. மீனைப் பார்த்ததும் சிரிப்புக் கிளம்பியது. “அட, இந்த ஜாடி எங்க வூட்டுலயும் இருக்குதுங்க” என்றார் ஒரு அம்மா. “எங்க வூட்டுல மாவடு போட்டு வச்சிருக்குது” என்றார் இன்னொருவர்.

நாவலாசிரியர் ஜாடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வம்சம்

நன்றி சொல்ல வந்த கலியபெருமாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அவர் யோசித்தபோதே நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

“எல்லாரும் ஒண்ண கவனிக்கணும். மீனு வந்து ரகசிய அடையாளம்ங்கறாரு ஆசிரியரு. அந்த மீனு தலமுற தலமுறையா எங்க வூட்டுதுங்கறாங்க டீச்சரு. அப்ப யாரு சொல்லிக் குடுத்து வந்துச்சி அந்த மீனு? டீச்சர் வூட்டுக்காரங்கதான் அந்தக் குயவர் வம்சம்னு இப்பத்தான தெரியிது.”

சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் பக்தி இருந்தது.

“என் மாமனாருக்கு விரால் புடிக்கும்” என்றேன். அதற்குள் மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எங்கள் வீட்டிலும் சொல்வதுண்டு. அதற்கு மதம் கிடையாது. அடுத்த வாரமே கம்பெனி வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் பிடித்து ஓர் அம்மா வந்தார், பேரனுக்குக் கண்ணில் கட்டியாம், ஒரு பிடி மண் வேண்டுமாம். இது நெய்வேலிப் பக்கமிருந்து லாரியில் வருகிற மண், போன மாதம் வந்தது, பில் இருக்கிறது என்றேன்.

“மண்ணு எங்கேருந்து வந்தா என்னாங்க? கை ஒங்க வம்சத்துக் கையாச்சே” என்றார்.

பேரனை டாக்டரிடம் காட்டச் சொல்லி, டீ கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். என் கணவர் பரணிலிருந்து பழைய ஜாடி அச்சை இறக்கித் தூசு தட்டினார். நான் பார்த்த பார்வையில் திரும்ப ஏற்றிவிட்டார்.

இதையெல்லாம் தனலட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆற்றங்கரை மண் என்று நாவல் சொன்னவரை அது அவளுக்கு வெறும் கதையாக இருந்தது. நான் ஜாடியைக் கவிழ்த்துக் காட்டியதும், அந்த மண் அவள் தினம் கை வைக்கிற தொட்டிக்கே வந்துவிட்டது.

பாதிக் கதை

தனலட்சுமியின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். புருஷன் போன பிறகு மகளைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்தத் தூரிகைதான். கண் எழுதுவது கடைசி வேலை. அதுவரை பொம்மை வெறும் பீங்கான்.

ஒரு வருஷமாக அவள் எழுதுகிற கண்கள் தடம் மாற ஆரம்பித்திருந்தன. யோசேப்பின் வலக் கண் குழந்தையைப் பார்த்தால் இடக் கண் பெண்ணாடம் பக்கம் பார்க்கும். போன கிறிஸ்துமஸில் எங்கள் சபைக் குடிலில் மூன்று ஞானிகளும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. என் கணவர் அவளுக்கு ஆடுகளை அதிகமாகக் கொடுத்துப் பார்த்தார். ஆடு எந்தப் பக்கம் பார்த்தாலும் யாரும் குறை சொல்வதில்லை.

முகாமில் புரை என்றார்கள், எடுத்துவிட்டால் சரியாகும் என்றார்கள். ஆனால் பெண்ணாடத்தில் இருக்கும் நாத்தனார் போனில், “கண்ண வெளிய எடுத்துக் கழுவித் திரும்ப வப்பாங்களாம், சில சமயம் மாத்தி வச்சிடுவாங்களாம்” என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து தனலட்சுமிக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த நேரத்தில்தான் நாவலும் ஜாடியும் மண்ணும் சேர்ந்துகொண்டன.

ஆக, தூக்கோடு நான் நின்றது அங்கே. அவள் வாளி மேல். கண்ணில் மண் ஓரமாக வெடித்துக்கொண்டிருந்தது.

“தனம், அது பொய்க் கதை. அதக் கேட்டு கண்ண கெடுத்துக்காத. நாளைக்கு வேன் வருது” என்றேன்.

“நான் போவலிங்க. மண்ணு வச்சே சரியாயிடும்.”

“எவன் சொன்னான்?”

“கதைய விடுங்க டீச்சர். ஒங்க வேதத்துல இல்லியா? உள்ளத சொல்லுங்க. மண்ண எடுத்து கண்ணுல பூசுனது இல்லியா?”

இருக்கிறது. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, இயேசு தரையில் துப்பி, எச்சிலால் மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசினார். நாவல்காரர் அங்கிருந்துதான் அதைச் சுட்டுத் தன் கதாநாயகிக்குக் கொடுத்திருக்கிறார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து முகம் கழுவிவிடுவாள், காலையில் வேன் ஏறிவிடுவாள். அப்படித்தான் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வேதத்தில் இல்லாததை இருக்கிறது என்று சொன்ன மனிதரோடு மேடை ஏறிச் சண்டை போட்டுவிட்டு, இருப்பதை இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. என் கணவர் கையில் அச்சோடு வாசற்படியில் வந்து நின்றார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்க்க வந்தவர் அவர்.

“இருக்குது” என்றேன்.

“பின்ன என்னாங்க?” என்றாள். மண்ணுக்கு அடியில் சிரித்தாள்.

பக்கத்தில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன். “இருக்குது தனம். ஆனா கதைக்காரரு பாதியதான் எடுத்துட்டுப் போயிருக்காரு. மீதிய கேளு. மண்ண பூசுனாரு. பூசுன ஒடனே பார்வை வரல.”

“வரலியா?”

“வரல. போயி கொளத்துல கழுவுன்னு அனுப்புனாரு. அவன் கண்ணுல சேத்தோட நடந்து போயி கழுவுனான். கழுவுனப்பறந்தான் தெரிஞ்சுது.”

அவள் முகத்தைக் கூரையிலிருந்து என் பக்கம் இறக்கினாள். “கழுவாம அங்கியே குந்தியிருந்தா?”

“எனக்கெப்படித் தெரியும்? கழுவச் சொன்னாரு, போனான். ஒனக்கு மண்ணு மட்டும் போதும், போவ மாட்டேங்கற. அவரு சொன்னதுல பாதிய செஞ்சிட்டு மீதிய நாத்தனாரு பேச்சக் கேட்டா எப்படி?”

“கண்ணு தெரியாதவன் கொளத்துக்கு எப்படிங்க போனான்?”

இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. “அது எழுதல” என்றேன். இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அப்புறம் எனக்கே தெரியாமல் சொன்னேன், “யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு தெரியாது. ஒன்ன நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்க வரீங்களா? அங்கியே இருப்பீங்களா?”

“இருப்பேன். மாத்தி வக்கிறாங்களான்னு பாத்துக்கறேன்.”

கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனோம். நாலடி தூரம்தான், அதற்குள் என் காலை இரண்டு தடவை மிதித்தாள். வெள்ளை மண் கரைந்து ஓடியது. எனக்கு அழுகை வந்தது, வந்ததைத் துடைக்கவில்லை. அவளுக்குத்தான் தெரியாதே.

கண்

வேனில் போனோம், புரை எடுத்தார்கள், யாரும் எதையும் மாற்றி வைக்கவில்லை. முதலில் ஒரு கண், கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று. இரண்டு தடவையும் நான்தான் கூடப் போனேன். வேனில் இரண்டு தடவையும் அந்த நாவலின் ஒலிக்கதையை யாரோ போட்டார்கள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டே போனேன். மண் பூசுகிற இடம் வந்ததும் தனலட்சுமி வேனில் இருந்த எல்லாருக்கும், “இது பாதிக் கதைங்க, மீதி டீச்சருகிட்ட கேளுங்க” என்றாள். எனக்கு அதைவிட நல்ல மேடை எந்த நூலகத்திலும் கிடைத்ததில்லை.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அடுத்த நாள் கம்பெனிக்கு வந்தாள். பலகையோரம் பழைய பொம்மைகள் கொஞ்சம் மிச்சம் நின்றன. ஒரு யோசேப்பை எடுத்தாள். கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். வைத்துவிட்டு ஒரு ஞானியை எடுத்தாள். பிறகு ஓர் ஆட்டை எடுத்தாள்.

“டீச்சர், இதெல்லாம் யாரு எழுதுனது?”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சூளைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“நீதான்” என்றேன்.

“ஆடுகூட மாறுகண்ணா இருக்குதேங்க. ஒரு வருசமா எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? சொல்லக் கூடாதா?”

“எப்படிச் சொல்றது?”

அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். டாக்டர் தேய்க்கக் கூடாது என்று சொன்னதை மறக்காமல், மெதுவாகத்தான் ஒற்றினாள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, யோசேப்பின் பழைய கண்ணை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து எடுத்தாள். தூரிகையை எடுத்து, நுனி கூராவதற்கு நாக்கில் தொட்டாள்.

இந்தப் பழக்கத்துக்கு நான் அவளைத் திட்டாத நாளில்லை. அறிவியல் டீச்சர். பெயிண்டில் என்னென்ன இருக்கிறது என்று கரும்பலகை இல்லாத குறையாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கும் வாயைத் திறந்தேன்.

தனலட்சுமி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெகுநாளைக்கப்புறம் நேராக, என் முகத்தைத் தேடாமல் பார்த்தாள்.

“ஒங்க சாமியே எச்சித் தொட்டுத்தான் கண்ணு குடுத்தாரு. வேதத்துல இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? செத்த சும்மா இருங்க டீச்சர்.”

இருந்தேன். அவள் யோசேப்புக்கு முதல் கண்ணை எழுதினாள். அது குழந்தையைப் பார்த்தது.